ஆக்னெஸ் பொக்கெல்ஸ் அம்மையார்

நூல் பல கற்றுப் பட்டம் பெற்று, பெரிய ஆய்வுக்கூடங்களில் விலை மிகுந்த கருவிகள் சூழ நின்று உழைப்போராலேயே விஞ்ஞானம் வளர்கிறது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பாலும் உண்மையே. ஆயினும், பட்டம் பெறும் வாய்ப்பின்றி, சர்வகலாசாலையின் வாயிலை மாணவியாக ஒரு நாளும் மிதியாமல், அடுக்களையிற் பாத்திரம் கழுவும் நீரைக் கூர்ந்து நோக்கியதன் பயனாக ஒரு புதிய சாஸ்திரத்துக்கே அடிகோலிய பெண்மணி ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்தில் வாழ்ந்தார். அவரே ஆக்னெஸ் பொக்கெல்ஸ் அம்மையார்.

இக்காலத்து விஞ்ஞானிகள் ஓர் அணுவின் கனமே உடைய தகடுகளைக் கல்லினின்றும் உரித்தெடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதுப்புதுப் பொருள்களை ஆக்குகின்றனர். இவ்வித்தையைப் பற்றி நம் பௌதிக வகுப்புக்களிலும் இப்பொழுது பேச்சு எழுகின்றது. எண்ணவும் அரிதான மெல்லிய படலத்தை மனிதன் தன் விருப்பப்படி பரப்பவும், நெருக்கவும், அளக்கவும், அடுக்கவும் கூடும் என்னும் நம்பிக்கைக்கு வேர்கள் பல உண்டு. அவற்றுள் ஒரு வேர் அவ்வம்மையாருடைய தகரத் தொட்டியிற் சென்று முடிகின்றது. ஆகவே அவருடைய சரித்திரத்தை நம் கல்லூரி மாணவர்க்கும் மாணவியர்க்கும் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறப்பும் கல்வியும்

ஆக்னெஸ் 1862ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14ஆம் நாள் வெனிஸ் நகரிற் பிறந்தார். இன்று இத்தாலி தேசத்தைச் சேர்ந்த அந்நகரம் அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தையார் தியோடர் பொக்கெல்ஸ் ஆஸ்திரியச் சேனையில் உத்தியோகம் பார்த்தவர். 1865இல் ஆக்னெஸுக்குப் பிரீட்ரிக் என்னும் தம்பி பிறந்தார். தந்தையார் மலேரியாக் காய்ச்சலால் உடல் நலிந்து சேனையை விட்டு விலக நேர்ந்தமையால், 1871இல் குடும்பத்தார் வட ஜெர்மனியிலுள்ள பிரன்ஸ்விக் நகரிற் சென்று குடியேறினர். அதன்பின் ஆக்னெஸ் தம் வாழ்நாள் முழுவதையும் அந்நகரிலேயே கழித்தார்.

அங்கு நகரசபையார் நடத்திய பெண்கள் உயர்தரப் பாடசாலையில் அவர் கல்வி பயின்றார். சிறு வயதிலேயே இயற்கைப் பொருள்களைப் பற்றிய சாஸ்திரங்களில், சிறப்பாகப் பௌதிகத்தில், அவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது. மேலும் கற்கவேண்டும் என்னும் விருப்பமும் இருந்தது. ஆனால் அக்காலத்தில் ஜெர்மனியின் சர்வகலாசாலைகள் பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதன்முதலாக 1900இல் பாடன் இராச்சியமும், 1908இல் பிரஷியாவும் அக்கதவைத் திறந்தன. அதற்குள் ஆக்னெஸுக்கு முப்பத்தெட்டும் நாற்பத்தாறுமாக வயது கடந்துவிட்டது.

தம்பி பிரீட்ரிக்கின் வாழ்வு வேறு வழியிற் சென்றது. அவர் ஆண்பிள்ளையாதலின் கெட்டிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்று பௌதிகம் பயின்று, பிற்காலத்தில் ஹைடல்பர்க் நகரிற் பேராசிரியராயினார். மின்சாரத்தின் வலியால் சில பளிங்குகளின் ஒளிமுறிவு மாறும் தன்மையை அவர் 1893இல் ஆராய்ந்து விளக்கினார். அத்தன்மை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த இருவருள் ஒருவருக்குக் கலாசாலை திறந்திருந்தது; மற்றவருக்கு அடுக்களை மட்டுமே திறந்திருந்தது. ஆயினும் தம்பி தமக்கையை மறந்தாரல்லர். தாம் கற்ற நூல்களை அவர் வீட்டுக்குக் கொணர்ந்து தமக்கைக்குக் கொடுத்தார். அவற்றைத் துணையாகக் கொண்டு ஆக்னெஸ் தாமே பௌதிகமும் கணிதமும் கற்றார். கல்வியைப் பகிர்ந்துகொள்ளுதலும் ஒரு தருமமே என்பதைப் பிரீட்ரிக்கினிடம் நாம் காண்கிறோம்.

அடுக்களையே ஆய்வுக்கூடம்

பெற்றோர் இருவரும் நோயாளிகளாக இருந்தமையால், வீட்டுப் பொறுப்பு முழுவதும் ஆக்னெஸின் தலைமேல் விழுந்தது. சமைத்தல், பாத்திரம் கழுவுதல், நோயாளிகளைப் பேணுதல் இவையே அவருடைய நாள்வேலை. பதினெட்டு வயதளவில், பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பில் எண்ணெயும் சவர்க்காரமும் செய்யும் விந்தையான மாறுதல்களை அவர் கவனிக்கலானார்.

அவ்விந்தையை நாமும் அன்றாடம் காண்கிறோம். ஒரு கிண்ணத்துத் தூய நீரின்மேல் மஞ்சட்பொடியை மெல்லத் தூவி, நடுவில் ஒரு துளி எண்ணெயை விட்டால், பொடி நாற்புறமும் விரைந்தோடி விளிம்பிற் போய் ஒதுங்குகின்றது. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்று ஒரு விசையுடன் நிற்கின்றது. இதனையே பரப்பிழுவிசை என்கிறோம். எண்ணெய் பரவிய இடத்தில் அவ்விசை தளர்கின்றது. எண்ணெய் இல்லாத பக்கத்தின் விசை வென்று பொடியைத் தன்பால் இழுத்துக்கொள்கின்றது. எத்தனையோ தலைமுறைகளாக எத்தனையோ பெண்கள் கண்ட காட்சி இது. ஆனால் எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு விசை குறைகின்றது என்று அளந்து பார்க்க எண்ணியவர் பிரன்ஸ்விக் நகரத்து இந்தப் பெண்ணே.

அளப்பதற்குக் கருவி வேண்டுமன்றோ? அதனைத் தாமே செய்துகொண்டார். 1882இல், தமது இருபதாம் வயதில், அவர் அமைத்த கருவியின் எளிமையை நோக்குங்கள். நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர், உயரம் 2 சென்டிமீட்டர் கொண்ட ஒரு தகரத் தொட்டி. அதனை விளிம்பு நிரம்ப நீரால் நிரப்பி, ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகரப் பட்டையை, அதன் அடிப்பக்கம் நீரைத் தொடும்படி குறுக்கே வைத்தார். அப்பட்டை நீரின் மேற்பரப்பை இரண்டு பாகங்களாகப் பிரித்தது. பட்டையை இப்பக்கமோ அப்பக்கமோ நகர்த்தினால் ஒரு பாகம் விரியும். மற்றப் பாகம் சுருங்கும். மேற்பரப்பின்மேல் ஒரு சட்டைப் பொத்தானளவான சிறு வட்டத்தகட்டைப் படியவைத்து, அதனை நீரினின்றும் பெயர்த்தெடுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைச் சிறு தராசினால் அளந்தார். தொட்டி, பட்டை, தகடு, தராசு, இவ்வளவே அவருடைய ஆய்வுக்கூடம்.

இக்கருவியால் அவர் கண்ட உண்மைகள் இரண்டு. முதலாவது, நீர் நம் கண்ணுக்குத் தெளிந்து தோன்றினும் அதன் மேற்பரப்பு பெரும்பாலும் தூயதன்று என்பது. விரல் பட்டாலும், தூசி விழுந்தாலும், துடைக்காத கலம் பட்டாலும், கண்ணுக்குப் புலனாகாத எண்ணெய்ப் பசை அதிற் பரவிவிடுகின்றது. அதற்கு அவர் கண்ட பரிகாரம் ஓர் இல்லத்தரசிக்கே தோன்றக்கூடியது. வீட்டைத் துடைப்பத்தாற் பெருக்குவது போன்று, தகரப் பட்டையை ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குத் தள்ளி நீரின் மேற்பரப்பையே அவர் பெருக்கினார். பட்டைக்குப் பின்னே புதிய, தூய மேற்பரப்பு தோன்றியது. அதன்மேற் செய்த சோதனைகள் மட்டுமே நம்பத்தக்கவை என்று கண்டார். அதற்கு முன் அறிஞர் பலர் செய்த அளவைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போனதற்குக் காரணம் இந்த அழுக்கே.

இரண்டாவது உண்மை இன்னும் வியப்பானது. தூய நீரின்மேல் மிகச் சிறிதளவு எண்ணெயை இட்டுப் பட்டையை மெல்ல மெல்ல நகர்த்தி இடத்தைக் குறுக்கிவந்தார். நெடுந்தூரம் வரையில் பரப்பிழுவிசை, எண்ணெயே இல்லாததுபோல், மாறாமல் நின்றது. ஒரு குறித்த எல்லையை அடைந்தவுடன் அது சடுதியிற் குறையத் தொடங்கியது. எண்ணெயின் அளவை இரட்டித்தால் அந்த எல்லையின் பரப்பும் இரட்டித்தது. இட்ட பொருளின் அளவுக்கும் அது மூடும் பரப்புக்கும் மாறாத கணக்கு ஒன்று உண்டு என்பது இதனாற் புலனாயிற்று. அந்த எல்லையில் எண்ணெய்க்கு என்ன நேர்கின்றது என்பதைப் பின்வந்தோர் விளக்கினர். ஆனால் எல்லை ஒன்று உண்டு என்று கண்டவர் ஆக்னெஸ்.

ஒன்பது ஆண்டு மௌனம்

இவ்வளவு அரிய செய்திகளைக் கண்டும் அவற்றை அச்சேற்ற அவருக்கு வழியில்லை. பட்டமில்லாத, பதவியில்லாத ஓர் இளம்பெண்ணின் கட்டுரையை எந்த விஞ்ஞானப் பத்திரிகை ஏற்கும்? தொட்டியைத் துடைத்தலும், அளத்தலும், குறிப்பெழுதுதலுமாக ஆண்டுகள் ஒன்பது சென்றன. நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சும் நேரத்திற்கும் வீடு துடைக்கும் நேரத்திற்கும் இடையே கிடைத்த சிறு பொழுதுகளே அவருடைய ஆராய்ச்சிக் காலம். யாரும் கேளாதிருந்தும், யாரும் புகழாதிருந்தும், அவர் வேலையை நிறுத்தவில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகத்தை மூடிவிடும் நமக்கு இந்த ஒன்பதாண்டு உழைப்பு ஒரு பாடமாதல் வேண்டும்.

இந்நிலையில், இங்கிலாந்தில் வாழ்ந்த ரேலி பிரபு என்னும் பெரிய விஞ்ஞானி இதே பொருளை ஆராய்ந்துவருகிறார் என்னும் செய்தியை ஆக்னெஸ் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வாசித்தார். ரேலி பிரபு எடுத்துக்கொண்ட சோதனை நம் நாட்டார்க்கும் இன்பம் தரக்கூடியது. தூய நீரின்மேற் கற்பூரத் துணுக்கை இட்டால் அது தானே சுழன்று நடனமாடும். நீரின்மேல் எண்ணெய் பரவினால் அந்நடனம் நின்றுபோகும். எவ்வளவு எண்ணெய் இட்டால் நடனம் நிற்கும் என்று 1890இல் ரேலி பிரபு ஒரு பெரிய நீர்த்தொட்டியில் அளந்து பார்த்தார். அந்த எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு முதல் இரண்டு பங்கு அளவே என்று அவர் கணித்தார். ஆனால் படலத்தை விரிக்கவும் சுருக்கவும் தக்க கருவி அப்பொழுது அவரிடத்தில் இல்லை. அது பிரன்ஸ்விக் நகரத்து அடுக்களையில் இருந்தது.

கடிதமும் அதன் பயனும்

1891ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள் ஆக்னெஸ் ரேலி பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதத் துணிந்தமைக்கு முதலிற் பொறுத்தருள வேண்டினார். தாமும் அப்பொருளை ஆராய்ந்துள்ளதாகவும், பல காரணங்களால் தம் முடிவுகளை விஞ்ஞானப் பத்திரிகைகளில் வெளியிட இயலாத நிலையிலிருப்பதாகவும் கூறி, தம் கருவியின் அமைப்பையும், சோதனை முறைகளையும், கண்ட முடிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினார். புகழ்ச்சியுமில்லை, முறையீடுமில்லை, அளவும் முறையும் மட்டுமே அக்கடிதத்தில் நிறைந்திருந்தன.

ரேலி பிரபு அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த விஞ்ஞானிகளுள் ஒருவர். கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். பின்னர் 1904இல் நோபெல் பரிசு பெற்றவர். அத்தகைய ஒருவர் பெயரறியாத ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் கடிதத்தைப் படிக்காமலே ஒதுக்கியிருக்கலாம். படித்தபின், அம்முறைகளைத் தமதாக்கிக்கொண்டு மௌனமாக இருந்திருக்கவும் கூடும். அவர் இரண்டையும் செய்யவில்லை. அவருடைய மனைவியார் அக்கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிரபு அதனை நேச்சர் என்னும் புகழ்பெற்ற பத்திரிகைக்கு அனுப்பி, எளிய வீட்டுப் பொருள்களைக் கொண்டே அரிய முடிவுகளை எட்டிய ஒரு ஜெர்மன் பெண்மணியின் கடிதம் இது என்றும், இதற்கு இடமளித்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். கடிதத்தின் முற்பகுதி தாம் அண்மையிற் செய்த வேலையோடு ஒத்திருப்பதை மறைக்காமல் எடுத்துக்கூறியதோடு, பிற்பகுதி பல முக்கியமான கேள்விகளை எழுப்புகின்றது என்றும் பாராட்டினார். 1891 மார்ச் 12ஆம் நாள் வந்த நேச்சர் இதழில் அக்கடிதம் ஆக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் பெயரோடு அச்சாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது.

ஒரு தபாலுக்குக் கொடுத்த மறுமொழி ஒரு சாஸ்திரத்தை வளர்த்தது. ஆக்னெஸின் திறமை அக்கடிதத்திற்கு முன்னும் அதுவே, பின்னும் அதுவே; மாறியது ஒன்றே. கேட்க ஒருவர் செவி கொடுத்தார்.

அதன்பின் 1892, 1893, 1894 ஆகிய ஆண்டுகளிலும் அவருடைய கட்டுரைகள் நேச்சர் பத்திரிகையில் வெளிவந்தன. பிறகு ஜெர்மன் பத்திரிகைகளும் அவர் எழுதியவற்றை ஏற்றன. கெட்டிப் பொருளை நீரின்மேல் சரியான அளவிற் பரப்புவது கடினம். அதற்காக அப்பொருளை பென்சீன் என்னும் திரவத்தில் கரைத்து, ஒரு துளியை நீரின்மேல் விட்டு, திரவம் ஆவியாகப் போனபின் அப்பொருள் மட்டும் படலமாக எஞ்சும்படி செய்யும் உபாயத்தை அவர் கையாண்டார். இன்றும் ஆய்வுக்கூடங்களிற் படலம் பரப்புவோர் இம்முறையையே, வேறு வேறு திரவங்களைக் கொண்டு, பின்பற்றுகின்றனர். சந்திர சூரியர்களால் கடலில் உண்டாகும் ஏற்றவற்றத்தைப் பற்றி ஜார்ஜ் டார்வின் ஆங்கிலத்தில் இயற்றிய நூலையும் அவர் 1902இல் ஜெர்மன் மொழியில் வெளிவரச் செய்தார்.

ஒரு மூலக்கூற்றின் கனம்

ஆக்னெஸ் கண்ட எல்லையின் பொருளை 1899இல் ரேலி பிரபு விளக்கினார். எண்ணெயின் மூலக்கூறுகள் இடம் தாராளமாக இருக்கும்வரை நீரின்மேல் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. இடம் குறுகக் குறுக அவை ஒன்றையொன்று நெருங்கி, முடிவில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. விசை சடுதியிற் குறையும் கணம் அதுவே. அப்பொழுது நீரின்மேல் இருப்பது ஒரே ஒரு மூலக்கூற்றின் கனமுள்ள படலம். திருவிழாக் கூட்டத்தில் ஜனங்கள் நெருங்க நெருங்க, ஒரு நிலையில் இனி நெருங்க இடமில்லை என்று ஆவது போன்றது இது. கண்ணாற் காண இயலாத மூலக்கூற்றின் அளவை ஒரு தகரத் தொட்டியும் ஒரு தராசும் காட்டிக்கொடுத்தன.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்திலிருந்த இர்விங் லாங்மியூர் 1917இல் அத்தொட்டியைச் சீர்திருத்தி, படலத்தின் நெருக்கத்தை நேரே அளக்கும் ஒரு மிதவைத் தராசை அதனுடன் பொருத்தினார். கொழுப்பமிலங்களின் மூலக்கூறுகள் தலையை நீரிலும் வாலை மேலேயுமாக வைத்து, வயலில் நாற்று நிற்பதுபோல், நிமிர்ந்து நிற்கின்றன என்று அவர் காட்டினார். நிமிர்ந்து நிற்கும் ஒரு மூலக்கூறு ஒரு சதுர சென்டிமீட்டரை ஐந்நூறு இலட்சம் கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கு இடத்தையே அடைத்துக்கொள்கின்றது. லாங்மியூருக்கு 1932இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அவருடன் வேலை செய்த காதரின் பிளாட்ஜெட் அம்மையார் அடுத்த படியை ஏறினார். அவர் 1926இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பௌதிகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. தொட்டியிலுள்ள படலத்தின் வழியாக ஒரு கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக அமிழ்த்தி எடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூற்றுக் கனமுள்ள ஒரு படலம் அதில் ஒட்டிக்கொள்ளும். அமிழ்த்தல் ஒன்று, எடுத்தல் ஒன்று என எண்ணிக்கொண்டே எத்தனை அடுக்கு வேண்டுமோ அத்தனையும் ஏற்றலாம். 1935இல் இம்முறையை அவர் விரிவாக வெளியிட்டார். 1938இல் நாற்பத்துநான்கு அடுக்குகளை ஏற்றிய கண்ணாடி, மேலே விழும் ஒளியைத் திருப்பி வீசாமல் ஏறக்குறைய முழுவதையும் ஊடுருவ விடுவதைக் காட்டினார். அப்படலம் மென்மையானது, துடைத்தால் அழிந்துவிடும். ஆதலால் பின்னாளில் அதனினும் கெட்டியான பூச்சுக்கள் அவ்விடத்தைப் பிடித்தன. ஆயினும் மூலக்கூற்று அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணி அடுக்கலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. பிரன்ஸ்விக் நகரத்துத் தகரத் தொட்டி இவ்வாறு ஒரு நெசவுத் தறியைப் போலாயிற்று.

இன்றைய அடுக்குகள்

பென்சில் முனையிலுள்ள காரீயம் எனப்படும் கிராஃபைட்டு, கரி அணுக்களாலான தாள்கள் பல இலட்சம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற பொருள். அடுத்தடுத்த தாள்களுக்கு இடையேயுள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரின் முப்பது இலட்சத்தில் ஒரு பங்கு. 2004இல் மான்செஸ்டர் நகரத்து ஆந்திரே கைம், கான்ஸ்டன்டின் நொவொசெலொவ் என்னும் இருவரும் தம் துணைவரோடு கூடி, கடைகளில் விற்கும் ஒட்டும் நாடாவைக் கொண்டு அத்தாளில் ஒன்றைத் தனியே உரித்தெடுத்து ஆராய்ந்தனர். கிராஃபீன் எனப்படும் அத்தாளுக்காக அவர்களுக்கு 2010இல் நோபெல் பரிசு கிடைத்தது. அன்று முதல் இத்தகைய பல தாள்களை உரித்து, நுண்ணோக்கியின் கீழே ஒரு மெல்லிய பிசின் முத்திரையால் ஒன்றை எடுத்து மற்றொன்றின்மேல் இறக்கி அடுக்கும் வித்தை வளர்ந்தது. இரண்டு கிராஃபீன் தாள்களை ஒன்றுக்கொன்று 1.1 பாகை திருப்பி அடுக்கினால், கடுங்குளிரில் அவை தடையின்றி மின்சாரத்தைச் செலுத்துகின்றன என்று 2018இல் அமெரிக்க அறிஞர் கண்டனர்.

இவ்விரண்டு வித்தைகளும் ஒன்றேயல்ல. ஒன்றில் மூலக்கூறுகள் நீரின்மேல் தாமே அணிவகுக்கின்றன. மற்றதில் அணுத்தாள்களைக் கல்லினின்றும் உரிக்கிறோம். ஆயினும் இரண்டும் சந்திக்கும் இடங்கள் உண்டு. கிராஃபைட்டை அமிலத்தாற் பக்குவப்படுத்தி நீரின்மேல் தாள்களாக மிதக்கவிட்டு, லாங்மியூர், பிளாட்ஜெட் இருவர் பெயரால் வழங்கும் தொட்டியில் நெருக்கி, தகட்டின்மேல் ஏற்றுகின்றனர். அத்தொட்டியின் நகரும் பட்டை ஆக்னெஸின் தகரப் பட்டையே.

இதனினும் ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. இன்று அணுத்தாள்களை அடுக்குவோர்க்குப் பெரும்பகை எது? தாள்களின் மேல் காற்றிலிருந்தும் பிசினிலிருந்தும் வந்து படியும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசையே. அது இரண்டு தாள்களுக்கு நடுவே அகப்பட்டுக் கொப்புளமாக எழும்பி அடுக்கைக் கெடுக்கின்றது. அதனை ஒதுக்கித் தள்ளவும், துடைத்தெடுக்கவும், காற்றுப் புகாத பெட்டிக்குள் வேலை செய்யவும் அவர்கள் படும் பாடு பெரிது. மேற்பரப்பு முதலில் தூயதாக வேண்டும். தூய்மையாக்காத பரப்பின்மேற் செய்த அளவை எதுவும் நம்பத்தக்கதன்று. இருபது வயதுப் பெண் ஒருத்தி 1882இல் தொட்டி நீரைப் பெருக்கிக் கண்ட விதி இன்றைக்கும் விதியாகவே நிற்கின்றது.

பிற்காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் ஆக்னெஸுக்குத் துயரம் மிகுந்ததாயிற்று. பெற்றோரின் நோய் முற்றியது. கல்விக்குத் துணையாயிருந்த தம்பி பிரீட்ரிக் 1913இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பெரும்போர் மூண்டது. போரும் அதன்பின் வந்த வறுமையும் அவர் ஆராய்ச்சிக்குத் தடையாயின, கண்பார்வையும் மங்கியது. அமெரிக்காவில் லாங்மியூரின் புகழ் ஓங்கியபொழுது, அத்துறைக்கு வித்திட்டவர் பிரன்ஸ்விக் நகரில் அமைதியாக வாழ்ந்துவந்தார்.

ஆயினும் அவர் அடியோடு மறக்கப்படவில்லை. 1931இல் பிரான்ஸ் தேசத்து ஹென்றி தெவோ என்பவரோடு சேர்த்து அவருக்கு லாரா லியனார்டு பரிசு வழங்கப்பட்டது. 1932இல், அவருடைய எழுபதாம் ஆண்டு நிறைவில், உல்ஃப்காங் ஆஸ்ட்வால்ட் என்னும் அறிஞர் அவருடைய வேலையைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் பிரன்ஸ்விக் தொழிற் சர்வகலாசாலையார் அவருக்கு டாக்டர் என்னும் கௌரவப் பட்டத்தை அளித்தனர். இளமையில் அவருக்குத் திறக்காத கதவு எழுபதாம் வயதிலே திறந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆம் நாள் அவர் அந்நகரிலேயே உயிர் நீத்தார். படலங்களை அடுக்கும் முறையைப் பிளாட்ஜெட் அம்மையார் விரிவாக வெளியிட்டதும் அதே ஆண்டேயாகும்.

நாம் அறியவேண்டுவது

இச்சரித்திரத்தை முடிக்குமுன் இரண்டொரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். ஆக்னெஸ் கல்லூரிக்குச் செல்லாமலே பெரியவரானார், ஆகவே கல்லூரி வேண்டுவதில்லை என்று ஒருவரும் கருதவேண்டாம். அவர் செல்லாதது விருப்பத்தாலன்று, தடையால். அத்தடை இல்லாதிருப்பின் அவர் இன்னும் எவ்வளவு செய்திருப்பாரோ என்று எண்ணி வருந்துவதே முறை. கடிதம் எழுதத் துணியாமலும், எழுதியும் மறுமொழி பெறாமலும் போன பெண்கள் எத்தனை பேரோ! தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியக்காரனைக் கடிந்துகொள்ளுகிறோம். பிறருடைய தாலந்தைப் புதைக்கச் செய்யும் வழக்கங்களையும் அவ்வாறே கடிந்துகொள்ளுதல் நியாயமன்றோ?

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களில் உழைப்பீர்கள். கருவி இல்லை என்று சோரும்போது அத்தகரத் தொட்டியை நினையுங்கள். வேறு சிலர் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் அமர்வீர்கள். பெயரறியாத ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் உங்கள் மேசைமேல் வந்து சேரும். அதனை ஒதுக்கக் கை நீளும்போது ரேலி பிரபுவை நினையுங்கள். அக்கடிதத்தை மொழிபெயர்த்த அவர் மனைவியாரையும், நூல்களைப் பகிர்ந்த தம்பியையும் மறவாதிருங்கள்.

இன்று மாலை வீட்டிலோ விடுதியிலோ உண்ட தட்டைக் கழுவும்போது, நீரின்மேல் எண்ணெய் பரவி வர்ணம் காட்டுவதைச் சிறிது நின்று நோக்குங்கள். ஒரு பெண் அங்கேயே நின்று, நோக்கி, அளந்தாள் என்பதை நினைவுகூர்ந்தால், நாம் இதனை எழுதியதன் பயன் கிட்டியதாகும்.